கறுப்பு நாயை கேமுக்குள் கொண்டுவருவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்கள் ஃபேண்டஸி கேமுக்காக இங்கிலாந்தின் பிளாக் ஷக் என்ற பேய் நாயை வரைந்திருக்கிறேன். சிவந்த கண், கோரைப் பல், உடம்பெல்லாம் தீ. ஆனாலும் சாதாரண ஓநாய் மாதிரியே இருக்கிறதே?

பதில்: முதலில் தீயை அணைத்துவிடுங்கள். கிழக்கு ஆங்கிலியாப் பக்கத்துக் கதைகளில் ஷக்கின் ஊளை கேட்கும், காலடி கேட்காது. ஊளை கேட்டால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நேரில் பார்த்தவர் அந்த வருஷம் தாண்டமாட்டார் என்பார்கள். இதையே கேமின் விதியாக்குங்கள். ஊளை கேட்டதும் பட்டனை அழுத்திப் பிடித்தால் வீரன் கண்ணை மூடுவான், திரை இருட்டாகும். ஊளை நின்றுவிட்டது. பட்டனிலிருந்து விரலை எடுக்கலாமா? ஆடுபவர் தவிக்கிற அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

கேள்வி: பெயரைத் தமிழில் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பேயைக் குறிக்கும் 'ஸ்குக்கா' என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஷக் என்றே இருக்கட்டும்.

கேள்வி: காட்சிக்கு நிஜ இடம் ஏதாவது?

பதில்: சஃபோக்கில் உள்ள பிளைத்பர்க் தேவாலயம். 1577 ஆகஸ்ட் 4 அன்று பெரும் புயல். பங்கே ஊர்த் தேவாலயத்தில் மக்கள் கூடியிருந்தபோது கறுப்பு நாய் உள்ளே புகுந்து ஆட்களைக் கொன்றது என்று ஆபிரகாம் ஃப்ளெமிங் அதே வருஷம் ஒரு சிறு நூலில் எழுதினார். பிளைத்பர்க்கிலும் அன்றே புகுந்ததாம். அங்கே வடக்குக் கதவின் மரத்தில் கருகிய தடங்கள் இன்றும் உண்டு. நாயின் நகம் பட்ட இடம் என்று ஊர் சொல்கிறது. நாயைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கதவைக் காட்டுங்கள்.

கேள்வி: தண்ணீரில் வாழும் எதிரி?

பதில்: லங்காஷயரின் ஜென்னி கிரீன்டீத், குழந்தைகளைக் குளத்துக்குள் இழுக்கும் கிழவிப் பேய். குளத்தைப் பாசி மூடினால் புல்தரை போலவே தெரியும். குழந்தைகள் கால்வைத்துவிடக் கூடாதென்று சொல்லிவைத்த கதை. அதனால் உங்கள் கேமிலும் புல்லுக்கும் பாசிக்கும் ஒரே பச்சை.

கேள்வி: நாயகனுக்குத் துணையாக ஒரு பேய் வேண்டும்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்தது சர்ச் கிரிம். புதுக் கல்லறைத் தோட்டத்தில் முதலில் புதைக்கப்படுபவரின் ஆவிதான் மற்றவர்களுக்கெல்லாம் காவல் நிற்க வேண்டும் என்று நம்பினார்கள். மனித உயிருக்கு அந்தப் பாரம் வேண்டாமென்று ஒரு கறுப்பு நாயை முதலில் புதைத்தார்களாம். அந்த நாயின் ஆவிதான் கிரிம். சரி, மதிலுக்குள் இருக்கும்வரை கிரிமை யாரும் வெல்ல முடியாது என்று வையுங்கள். வெளியே ஒவ்வொரு அடிக்கும் அதன் உருவம் மங்கட்டும். நாயகன் வெளியே அடிபட்டுக் கிடக்கும்போது அது மதிலருகே வந்து முன்னங்காலைத் தூக்கி நிற்கட்டும். கூப்பிடுவதா வேண்டாமா என்பதை ஆடுபவரிடமே விட்டுவிடுங்கள்.