18-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பாளர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்? ஏன்?

பெஞ்சமின் பிராங்க்ளின், ஜேம்ஸ் வாட் என்று நிறைய பதில்கள் வந்துவிடும். நான் இன்னொரு பெஞ்சமினைச் சொல்கிறேன். பெஞ்சமின் தாம்சன். பின்னாளில் கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற பட்டத்தோடு அறியப்பட்டவர். கல்லூரியில் வெப்பவியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் லேசாக நினைவிருக்கும். பீரங்கிக் குழலைக் குடைந்தார், சூடு வந்தது, பழைய கொள்கை விழுந்தது என்று ஒரே பத்தியில் ஆளை அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் அவருடைய கஞ்சத்தனம். சூடு எங்கே வீணாகிறது என்று பார்த்துக்கொண்டே வாழ்ந்த மனிதர். சிப்பாயின் சட்டை, ஏழைகளின் சூப், லண்டன்காரர்களின் புகைபோக்கி எல்லாவற்றிலும் அந்த ஒரே கவலைதான். அந்தச் சிக்கனக் கணக்குதான் அவரை இயற்பியலுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

மனிதராகப் பார்த்தால் அப்படியொன்றும் நல்லவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1753-இல் மாசசூசெட்ஸின் வோபர்ன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 19 வயதில் தன்னைவிடப் பல வயது மூத்த, வசதியான விதவை ஒருவரை மணந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டபோது பிரிட்டன் பக்கம் சாய்ந்து, 1775-இல் கண்ணுக்குத் தெரியாத மையில் உளவுக் கடிதம் எழுதினார். பிறகு மனைவியையும் சின்னக் குழந்தையையும் அங்கேயே விட்டுவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார். மனைவியை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

லண்டனில் வெடிமருந்து ஆராய்ச்சி, பிரிட்டனின் அறிவியலாளர் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர் பதவி, 1784-இல் சர் பட்டம். அங்கிருந்து ஜெர்மனியின் பவேரியாவுக்குப் போய், மன்னர் கார்ல் தியோடரிடம் ராணுவத்தைச் சீர்திருத்தும் வேலையில் சேர்ந்தார். சுவாரஸ்யம் ஆரம்பிப்பது இங்கேதான்.

சிப்பாய்களுக்கு எந்தத் துணியில் உடை தைத்தால் குளிர் தாங்கும்? இது கொள்முதல் அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி. ரம்ஃபோர்டு இதற்கு ஒரு கருவியே செய்தார். ஒரு வெப்பமானியைப் பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் பொருத்தி, நடுவிலுள்ள இடத்தில் பட்டு, கம்பளி, பருத்தி, முயல் ரோமம், பறவைத் தூவி என்று ஒவ்வொன்றாக அடைத்தார். கொதிநீரில் சூடாக்கி, அப்படியே பனிக்கட்டி நீரில் வைத்து, வெப்பம் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார். கதகதப்புக்குக் காரணம் இழை மட்டுமல்ல, இழைகளுக்கு நடுவே நகர முடியாமல் சிக்கியிருக்கும் காற்று என்று கண்டுகொண்டார். இன்றைக்குக் குளிர் தேசம் போகிறவர்கள் வாங்கும் தூவி ஜாக்கெட்டின் தத்துவம் இதுவேதான். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792-இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் கிடைத்தது.

உடை தைக்க ஆள் வேண்டுமே? 1790 ஜனவரி 1 அன்று பவேரியாவின் தலைநகரான மியூனிக் தெருக்களிலிருந்த பிச்சைக்காரர்களை ராணுவத்தை வைத்து வளைத்துப் பிடித்தார். வேலைக்கூடம் ஒன்றில் கணப்பு, சாப்பாடு, கூலி கொடுத்துச் சீருடை தயாரிக்க வைத்தார். கருணையும் கட்டாயமும் கலந்த ஏற்பாடு. இன்று யாராவது இப்படிச் செய்தால் நானே எதிர்த்து எழுதுவேன்.

அவர்களுக்குப் போட்டதுதான் பிற்பாடு ஐரோப்பா முழுக்கப் பரவிய ரம்ஃபோர்டு சூப். வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு, வினிகர், உப்பு, கூடவே ரொட்டித் துண்டுகள். அந்தக் காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு என்றாலே முகம் சுளிப்பார்களாம். அதனால் ஆரம்பத்தில் அடையாளம் தெரியாதபடி கரைய வேகவைத்துப் போட்டார். நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும்போது விறகுச் செலவு கண்ணை உறுத்தியிருக்கிறது. திறந்த நெருப்புக்கு மேலே பாத்திரத்தைத் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டு, செங்கல் மேடைக்குள் நெருப்பை மூடி, பாத்திரத்தை அதற்குள் பதித்து, காற்று நுழையும் வழியைக் கதவு வைத்துக் கட்டுப்படுத்தினார். நம் ஊரில் புகையில்லா அடுப்பு என்று எண்பதுகளில் பரப்பினார்களே, அதன் அடிப்படை யோசனைகள் அந்த அடுப்பிலேயே இருக்கின்றன.

ஆப்பிள் கூழ் வைத்துச் சுடும் ‘பை’ என்ற பலகாரம் ஆறவே மாட்டேன் என்கிறதே, தண்ணீர் மட்டும் சீக்கிரம் ஆறுகிறதே என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. ஒரு நாள் சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றை ஆறுவதற்காக ஜன்னலோரம் வைத்திருந்தார். வெயில் படும்போது பார்த்தால், குழாய்க்குள்ளே தூசித் துகள்கள் நடுவில் மேலேறி ஓரமாகக் கீழிறங்கிக்கொண்டிருந்தன. திரவத்தில் சூடு பரவுவது இந்த ஓட்டத்தால்தான் என்று புரிந்தது. இன்றைய பாடத்தில் இதன் பெயர் வெப்பச்சலனம். ஆப்பிள் கூழில் ஓட முடியாது, அதனால் ஆறுவதில்லை. ஆனால் இங்கே அவர் எல்லை தாண்டிப் போய், திரவங்கள் வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று சாதித்தார். அது தவறு.

சரி, பீரங்கிக்கு வருவோம். சூடு என்பது எடையில்லாத ஒரு திரவம், அதன் பெயர் கலோரிக் என்பது அன்றைய கொள்கை. பெயரிட்டு நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். உலோகத்தைச் சீவினால், உள்ளே ஒளிந்திருந்த கலோரிக் வெளியே வருகிறது, அதனால்தான் சுடுகிறது என்பது அவர்கள் விளக்கம். லேத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், சீவி விழும் சுருள் கையில் பட்டால் கொப்புளம்தான். மியூனிக் ஆயுதச் சாலையில் பித்தளைக் குழல்களைக் குடையும்போது ரம்ஃபோர்டும் அதைத்தான் கவனித்தார். எத்தனையோ பேர் தினமும் பார்த்த காட்சி அது.

முதலில், சீவல்களுக்கும் முழு உலோகத்துக்கும் வெப்பத்தைத் தாங்கும் திறனில் வித்தியாசம் இருக்கிறதா என்று அளந்தார். இல்லை. அப்புறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலையைச் செய்தார். வேண்டுமென்றே மழுங்கிய உளியைப் போட்டார்! சீவாமல் வெறுமனே உரசினால் என்ன ஆகும் என்று பார்க்க. சுமார் 51 கிலோ எடையுள்ள உலோக உருளை, 960 சுற்றில், 60 பாரன்ஹீட்டிலிருந்து 130-க்கு ஏறியது. உதிர்ந்த பொடி வெறும் 54 கிராம்தான். மொத்த எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இந்தத் துளிப் பொடிக்குள் அவ்வளவு சூடு எப்படி ஒளிந்திருக்கும்?

பிறகு அந்த உருளையைச் சுமார் எட்டரை லிட்டர் தண்ணீர் நிறைந்த மரப்பெட்டிக்குள் வைத்துச் சுழற்றினார். குதிரைகள்தான் சுற்றின. ஒரு மணி நேரத்தில் 107 பாரன்ஹீட். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் நிஜமாகவே கொதித்தது. நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் திகைத்துப்போனார்கள், தனக்கும் சிறுபிள்ளைபோல் சந்தோஷமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். குதிரை சுற்றும்வரை சூடு வந்துகொண்டே இருக்கிறது, தீரவில்லை. தீராமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது, இயக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இதைக் கட்டுரையாக 1798-இல் ராயல் சொசைட்டியில் வாசித்தார்.

கலோரிக் உடனே சாகவில்லை. இன்னும் அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் 1840-களில் வேலைக்கும் வெப்பத்துக்குமான கணக்கைப் போட்டபோதுதான் விஷயம் முடிந்தது. ரம்ஃபோர்டின் குதிரைக் கணக்கை வைத்து, ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க எவ்வளவு வேலை தேவை என்று ஜூல் பார்த்ததில் 1034 அடி-பவுண்டு வந்தது. சரியான எண் சுமார் 778. மரப்பெட்டியும் சுற்றுக் காற்றும் வாங்கிக்கொண்ட சூட்டை ரம்ஃபோர்டு கணக்கில் சேர்க்கவில்லை. அதை வைத்துப் பார்த்தால் மோசமில்லை.

இதற்கிடையில் லண்டன் வீடுகளின் கணப்படுப்பையும் விட்டுவைக்கவில்லை. அகலமான வாய், பெரிய புகைபோக்கி, சூடெல்லாம் மேலே, புகையெல்லாம் அறைக்குள்ளே. அவர் புகைபோக்கியின் கழுத்தை நாலு அங்குலத்துக்குச் சுருக்கி, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டி, வெப்பக்கதிர் அறையை நோக்கித் திரும்பும்படி செய்தார். கொஞ்சம் செங்கல்லும் சாந்தும் போதும். காப்புரிமை வாங்காமல் எல்லோரும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

1799-இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனம் உருவாக அவர்தான் முக்கியக் காரணம். வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி வேலைக்குச் சேர்ந்த இடம், பிறகு மின்னியல் மேதை பாரடே வளர்ந்த இடம். வெப்ப, ஒளி ஆய்வுக்காக ராயல் சொசைட்டிக்குப் பணம் கொடுத்து ஒரு பதக்கம் நிறுவினார். முதல் பதக்கம் யாருக்குக் கிடைத்தது என்கிறீர்கள்? அவருக்கேதான்.

1805-இல் அவர் மணந்தது லவாய்சியரின் விதவை மரி-ஆனை. முதல் கணவரின் கலோரிக்கை உடைத்தவர் இரண்டாவது கணவர்! நாலைந்து வருடம்கூட நிம்மதியாகப் போகவில்லை. மரி-ஆனின் விருந்தாளிகளை உள்ளே விடாமல் இவர் கேட்டைப் பூட்ட, அந்தம்மா இவர் ஆசையாக வளர்த்த பூச்செடிகள்மேல் கொதிநீரை ஊற்றினாராம். மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னது இது, அதனால் ஒரு தரப்புக் கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1814-இல் பாரிஸ் அருகே இறந்தார். பிராங்க்ளினைப்போல் இவருக்கு ஏன் புகழ் இல்லை என்றால், எந்த நாடும் இவரை முழுசாகத் தன் ஆள் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் என் ஊகம். அமெரிக்காவுக்கு உளவாளி, பிரிட்டனுக்கு அந்நியர், பிரான்ஸுக்கு எதிரி தேசத்து சர். பவேரியா மட்டும் மியூனிக்கில் சிலை வைத்தது. பிறந்த ஊரான வோபர்னில் இருப்பது அந்தச் சிலையின் நகல்.