சின்தசைசரில் தாளம் பிடிப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மென்பொருள் சின்தசைசரில் ஸ்டெப் சீக்வென்சரின் (நோட்டுகளைக் கட்டம் கட்டமாக ஓட்டும் பகுதி) 16 கட்டங்களையும் நிரப்பினேன். தாளமே கேட்கவில்லை, ஒரே இரைச்சல். பிரீசெட் (தயாராக வரும் ஒலி) மாற்றியும் பயனில்லை.

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 120 பிபிஎம்மில் அது 500. ஒரு பீட்டுக்கு நான்கு ஸ்டெப் என்றால் ஒவ்வொன்றுக்கும் 125தான். ரிலீஸ் (நோட்டை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) 400 மில்லிசெகண்ட் இருந்தால், ஓர் ஒலி அடங்குவதற்குள் அடுத்த மூன்று அதன்மேல் ஏறிவிடும். பேட் (நீண்டு படரும் ஒலி) வகை பிரீசெட்டுகளில் ரிலீஸ் இதைவிடவும் நீளமாக இருக்கும்.

'இனிட்' என்ற வெற்றுப் பேட்சிலிருந்து (ஒலி அமைப்பு) தொடங்குங்கள். ஆசிலேட்டர் (ஒலியை உருவாக்கும் பகுதி) ஒன்று போதும், சா (ரம்பப்பல்) அலை, மோனோ (ஒரு நேரத்தில் ஒரே நோட்டு). ஒலியளவு என்வலப்பில் (ஒலி எழுந்து அடங்கும் வடிவம்) அட்டாக் (எழும் நேரம்) 2, டிகே (இறங்கும் நேரம்) 90, சஸ்டெய்ன் (நிலைக்கும் அளவு) பூஜ்யம், ரிலீஸ் 30; நேரங்கள் மில்லிசெகண்டில். லோ-பாஸ் ஃபில்டரின் (உயர் ஒலிகளை வெட்டும் வடிகட்டி) கட்-ஆஃப் எல்லையை 400 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கி, அதற்கும் ஒரு குறுகிய என்வலப் கொடுங்கள். ரிவெர்ப், டிலே இரண்டையும் அணைத்துவிடுங்கள். குழப்பத்தை மறைப்பதில் அவை கெட்டிக்காரர்கள்.

அடுத்து கட்டங்களை அழியுங்கள். 1, 4, 7, 11, 13 மட்டும் இருக்கட்டும். 1, 7 இரண்டுக்கும் வெலாசிட்டி (நோட்டின் அழுத்தம்) 110, மற்றவைக்கு 65. வித்தியாசம் கேட்கவில்லையென்றால், அந்தப் பேட்சில் வெலாசிட்டி எதனுடனும் இணைக்கப்படவில்லை. மாடுலேஷன் பகுதியில் அதை ஒலியளவுக்கும் கொஞ்சம் கட்-ஆஃபுக்கும் இணைத்துவிடுங்கள். தாளம் எழும்புவது இங்கேதான்.

கேள்வி: எல்எஃப்ஓவை (ஒலியை ஏற்றி இறக்கித் துடிக்கவைக்கும் மெதுவான அலை) டெம்போவுடன் (பாட்டின் வேகம்) 1/8-க்குப் பூட்டியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் துடிப்பு வேறு இடத்தில் விழுகிறது.

பதில்: வேகம் பூட்டியிருக்கிறது, தொடக்கப் புள்ளி பூட்டவில்லை. 'ஃப்ரீ' நிலையிலிருக்கும் எல்எஃப்ஓ தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். 'ரீட்ரிக்' போட்டால் ஒவ்வொரு நோட்டிலும் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் பல நோட்டுகள்) வாசிக்கும்போது விரல்கள் சற்று முன்பின்னாக விழுந்தால், ஒவ்வொரு குரலும் (நோட்டும்) தனித்தனியாகத் துடிக்கும். அப்போது நோட்டுகளை குவாண்டைஸ் செய்யுங்கள் (தாளக் கட்டத்தோடு ஒட்டவையுங்கள்). அல்லது எல்லாக் குரலுக்கும் பொதுவான எல்எஃப்ஓ வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எல்எஃப்ஓவின் சதுர அலையால் ஒலியை வெட்டும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதே?

பதில்: அலை பாதி வழியில் இருக்கும்போது ஒலியளவு சட்டென்று பூஜ்யமாகிறது. அந்தத் திடீர் முறிவுதான் டிக். எல்எஃப்ஓவின் 'ஸ்மூத்' குமிழை 3 முதல் 5 மில்லிசெகண்ட் வரை ஏற்றுங்கள். பேஸுக்கு (தாழ்ந்த ஒலி) இது போதாமல் போகலாம்: 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட், அதனால் இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும்.

கேள்வி: டிரம்முக்கு 58% ஸ்விங் (ஒன்றுவிட்ட ஸ்டெப்பைத் தாமதப்படுத்துவது) வைத்தேன். சின்தசைசர் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது.

பதில்: சின்தசைசரின் உள்ளே ஓடும் சீக்வென்சரைப் பதிவு மென்பொருளால் பார்க்க முடியாது. அதன் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் பிடித்திருக்கும் ஒரே ஒரு நீள நோட்டுதான். அதில் எதை நகர்த்தும்? ஸ்விங்கை சின்தசைசரிலேயே வையுங்கள், இல்லையென்றால் அந்த வரிசையை மிடியாக (நோட்டுத் தகவலாக) வெளியே எடுத்து டிரம்முக்குப் போட்ட அதே குரூவை (ஸ்விங் அமைப்பை)ப் போடுங்கள்.

அளவுகோலையும் கவனியுங்கள். ரோஜர் லின் 1980-இல் எல்எம்-1 டிரம் இயந்திரத்தில் ஸ்விங்கைக் கொண்டுவந்தார். அந்த மரபில் 50% என்றால் நேர்நடை (சம இடைவெளி), 66% ஏறக்குறைய திச்ரம் (மூன்றாகப் பிரியும் நடை). சில கருவிகளிலோ நேர்நடைக்கு 0%. அவற்றில் 58 என்று போட்டால் வேறு எங்கோ போய் நிற்கும். 120 பிபிஎம்மில் 58% என்பது இரண்டாவது ஸ்டெப்பை 125-லிருந்து 145 மில்லிசெகண்டுக்குத் தள்ளுகிறது. இரண்டு டிராக்கையும் ஆடியோவாக மாற்றி, அந்த 20 மில்லிசெகண்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிச் சரிபாருங்கள்.

கேள்வி: 7 ஸ்டெப் வரிசையை 16 ஸ்டெப் டிரம்முடன் ஓட்டலாமா?

பதில்: தாராளமாக. இரண்டும் 112 ஸ்டெப்புக்கு ஒருமுறை, அதாவது 7 பாருக்கு (16 ஸ்டெப் ஒரு பார்) ஒருமுறை சேரும். பாட்டு 8 பாராகப் பிரிந்திருந்தால் 9-ஆவது பாரின் தொடக்கத்தில் நோட்டை விட்டு மறுபடி அழுத்துங்கள். வரிசை முதல் கட்டத்துக்குத் திரும்ப சீக்வென்சரிலும் 'ரீட்ரிக்' போட்டிருக்க வேண்டும்.