சொரசொரப்பா, வழவழப்பா? ஏர் பிஸ்டல் கிரிப் கேள்வி பதில்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் சேலத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: கிரிப், அதாவது பிஸ்டலின் மரக் கைப்பிடி, எவ்வளவு சொரசொரப்பாக இருக்க வேண்டும்? கேள்விகளைச் சுருக்கிவிட்டேன். எனக்குத் தச்சு வேலை தெரியும், ரொம்ப வருடமாகச் சுடுகிறேன். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, மே மாத வெயிலில் இருபது ஷாட் தாண்டினால் கை வழுக்குகிறது. இன்னும் சொரசொரப்பான கிரிப் வாங்கட்டுமா?

அவசரப்படாதீங்க தம்பி. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடாத பிஸ்டலை எடுத்து, கிரிப் மேல் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். வழக்கம்போலப் பிடித்து இலக்குப் பக்கம் நீட்டி, இறக்கி, கையைத் திறந்து பாருங்கள். பவுடர் ஒட்டிய இடத்தில்தான் கை கிரிப்பைத் தொடுகிறது. உள்ளங்கையின் அடிமேடும், நடுவிரல், மோதிர விரலின் நடுக்கணுவும் வெள்ளையாக இருந்தால் சரி. கட்டைவிரல் அடியில் ஒரு திட்டு, சுண்டுவிரல் பக்கம் ஒரு திட்டு என்று இருந்தால் உங்களுக்குக் கிரிப் பொருந்தவில்லை. அப்புறம் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பாருங்கள். குழல் முனையில் இருக்கும் முன்குறி, பின்னால் இருக்கும் பின்குறியின் பள்ளத்தில் நடுவே நிற்கிறதா? ஒரு பக்கம் ஒதுங்கினால் அதுவும் பொருத்தக் கோளாறுதான். அதை எந்தச் சொரசொரப்பும் சரிசெய்யாது, மறைத்துத்தான் வைக்கும்.

நான் பட்டுத்தான் இதைக் கற்றேன். முதல் கிரிப் எனக்கு ஒரு சுற்றுப் பெரிது. நழுவுகிறதே என்று ஆணி முனையால் கொத்திக் கொத்தி அரம் மாதிரி ஆக்கிவிட்டேன். பயிற்சியில் சொர்க்கம். போட்டியில் 60 ஷாட், 75 நிமிடம்; நாற்பதாவது ஷாட்டுக்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. கை தானாகவே பிடியை மாற்றிக்கொண்டது. மிச்ச இருபதும் இடது பக்கமாகப் போய் விழுந்தன. ஊருக்கு வந்ததும் கைக்கும் கிரிப்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை எம்-சீல் பசை பூசி என் கைக்கு ஏற்ற மாதிரி நிரப்பினேன். கொத்தியதில் முக்கால்வாசியைத் தேய்த்தே எடுத்தேன்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: எனக்கு வியர்க்கவே வியர்க்காது. அரம் பிடித்துப் பிடித்துக் கை காய்ப்பேறிக் கிடக்கிறது. எனக்கும் கொத்து வேண்டுமா?

உங்களுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். காய்த்த தோல் வழவழப்பான வால்நட் மரத்தில் கண்ணாடியில் வைத்த மாதிரி சறுக்கும். ஈரம் சுரக்கும் மெல்லிய கைக்கு நெருக்கமான சின்னப் புள்ளிகள், உங்கள் மாதிரிக் கைக்குத் தள்ளித்தள்ளிப் பெரிய புள்ளிகள். என் கணக்கு அதுதான். சுடப் போகும் முன் கைக்கு ஒரு துளி கிளிசரின் தடவித் துடைத்துவிட்டுப் போங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ், பள்ளி மாணவி: அண்ணா, நானே கொத்தலாமா? எங்கெங்கே?

கொத்தலாம் கண்ணு. முதலில் ஒரு தேக்குத் துண்டில் பழகிக்கொள். ஆணி முனையை உருண்டையாகத் தேய்த்து, சின்னச் சுத்தியால் லேசாக ஒரே சீராகத் தட்டு. அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். வரிசை பிடித்துத் தட்டாதே, கோடு கோடாகத் தெரியும். கோலப்பொடி சிந்தின மாதிரி கலைந்து இருக்கட்டும். உள்ளங்கை அடிமேடு படும் இடம், நடுவிரலும் மோதிர விரலும் சுற்றும் முன்பக்கம், இந்த இரண்டில் மட்டும் கொத்து. பிஸ்டலை நேர் பின்னோக்கி அழுத்துவது அந்த இரண்டு விரல்கள்தான். ஆள்காட்டி விரலின் அடி உரசும் பக்கத்தை வழவழப்பாகவே விட்டுவிடு. அங்கே சொரசொரப்பு இருந்தால் டிரிகரை இழுக்கும்போது விரல் மரத்தையும் சேர்த்து இழுக்கும், குறி ஆடும்.

ஏற்காடு, விடுதி மாணவர்: கீழே சேலத்தில் கச்சிதமாக இருந்த கிரிப், இங்கே பனிக்காலத்தில் இறுக்கமாகிவிட்டது. பிரமையா?

பிரமை இல்லை. மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாட்டில் உப்பும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே வேறு. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது பூசுங்கள். ஈரம் ஏறுவது குறையும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, பிசுபிசுப்பும் சிக்கு வாடையும்தான் மிஞ்சும். இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள். உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தாங்கியையும் ஒரு தாள் கனத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். அது கையை நெரித்தால் நடுக்கம் வரும்.

ஓமலூர்: ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசும் வெள்ளைப் பொடி உதவுமா?

உதவும். அது மக்னீசியம் கார்பனேட்; நம்ம ஊர் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெட்டுகிற மாக்னசைட்டும் அதே குடும்பம்தான். அதற்காகக் கல்லைப் பொடித்துப் பூசிவிடாதீர்கள்! கடைப்பொடியைக் கையில் தேய்த்து, தட்டி உதறிவிட்டுப் பிடியுங்கள். கிரிப்பில் நேராகத் தூவினால் புள்ளிகள் அடைத்து நாலு நாளில் வழவழவென்று ஆகிவிடும்.

அஸ்தம்பட்டி, ஒரு அப்பா: சார், பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் மாதிரி கிரிப் என் பன்னிரண்டு வயது மகளுக்கு வேண்டும்.

அது அவர் கைக்கானது சார். உங்கள் மகளின் ஆள்காட்டி விரல் நுனியின் சதை, கை நெளியாமல் டிரிகர் மேல் உட்காருகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையென்றால் சின்ன அளவு கிரிப் வாங்குங்கள். கையும் வளரும், அதனால் இப்போதே கொத்து வேலைக்குக் காசு போடாதீர்கள். பிஸ்டலின் எடை 1500 கிராம் வரை போகலாம் என்பது விதி. அவ்வளவு எடை குழந்தைக்கு எதற்கு?

சூரமங்கலம்: முழங்கை வியர்வை கைக்கு இறங்குகிறது. மணிக்கட்டுப் பட்டை கட்டலாமா?

சுடுகிற கையில் கூடாது, போட்டி விதியிலேயே தடை. கோயில் கயிறு இருந்தாலும் மறு கைக்கு மாற்றிவிடுங்கள். தோளில் ஒரு துண்டு போதும்.

ஏற்காடு, எஸ்டேட்காரர்: உரிமம் உள்ள ரிவால்வரின் பிடியில் கோடு வெட்டித் தருவீர்களா?

மாட்டேன். அது உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரின் வேலை. அவரிடமும் ரொம்பக் கூராக வெட்டச் சொல்லாதீர்கள். ஏர் பிஸ்டலில் உதைப்பு ரொம்பக் குறைவு என்பதால் ஓரளவு கூரான கொத்தைத் தாங்கலாம். உதைக்கிற துப்பாக்கியில் அதுவே கையைக் கிழிக்கும்.

அதே ஃபேர்லேண்ட்ஸ் மாணவி: அண்ணா, கொத்திவிட்டேன். அழுக்கு ஏறினால்?

பழைய பல் பிரஷ்தான். தண்ணீர் தொடாமல் தேய்.