பிரித்துக் கட்டிய ஆர்எக்ஸ் 100: ரேஸ் இறங்காவிட்டால்

நண்பரே, பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினைப் பிரித்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். சூடானதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் (இன்ஜின் சுழலும் வேகம்) இறங்கவில்லை, பிளக் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது என்கிறீர்கள். கேபிள் சிக்காமல் திரும்பி வருகிறதென்றால் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. எங்கோ காற்று இழுக்கிறது.

முதல் சந்தேகம் மேக்னெட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயில் குறைந்து புகை தள்ளியிருக்கும்.

ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடுங்கள். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி இரண்டு வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடையுங்கள். மேக்னெட்டைக் கழற்றுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றுங்கள். ஆறு நிமிடத்தில் 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. (10ஐத் தாண்டினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.) சீல் ஓரம், சிலிண்டர் அடி பேக்கிங், ரீட் வால்வ் (கார்புரேட்டருக்குப் பின்னுள்ள ஒருவழித் தகடு) பேக்கிங், கிராங்க் கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

புது சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் கிராங்கை நோக்கி இருக்கட்டும். சீலின் உதட்டில் (தண்டைத் தொடும் உள்விளிம்பில்) கிரீஸ் தடவாமல் ஏற்றினால் கிழியும்.

ஓட்டையை அடைக்கும்வரை ஓட்டாதீர்கள். பெட்ரோலோடு சேரும் காற்று கூடினால் சூடு ஏறி, பிஸ்டன் உப்பிப் புது போரிலேயே (சிலிண்டர் துளையிலேயே) ஜாம் ஆகும். அழகுக்காக மாட்டிய கூம்பு வடிவக் கோன் ஃபில்டரும் காற்றைக் கூட்டும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை) பெரிதாக்கும்வரை பழைய ஃபில்டர் பெட்டியே இருக்கட்டும். ஆயில் பம்பைக் கழற்றியிருந்தால் அதில் புகுந்த காற்றை வெளியேற்றி, முதல் டேங்குக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்துவிடுங்கள்.