மும்பை விழுந்தால் ஹைதராபாத்: பொத்தானை யார் அழுத்துவது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் நடத்துகிறோம். டேட்டாபேஸ் அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் (அந்த ஊர் டேட்டா சென்டர் தொகுதியில்) ஓடும் அரோரா போஸ்ட்கிரெஸ். குளோபல் டேட்டாபேஸ் மூலம் ஹைதராபாத்தில் ஒரு நகல் வைத்திருக்கிறோம். முப்பது விநாடிக்கு ஒருமுறை மும்பையைத் தட்டிப் பார்த்து, மூன்று முறை பதில் வராவிட்டால் தானாகவே ஹைதராபாத்தை முதன்மையாக்கும் லாம்டா (சொந்த சர்வர் இல்லாமல் கோடு ஓட்டும் அமேசான் சேவை) ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். இது போதுமா? ஒரு கன்சல்டன்ட், இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி செய்து தருகிறேன், ஒரு பில்கூடத் தொலையாது என்கிறார். நம்பலாமா?"

முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த லாம்டா எந்த ரீஜனில் ஓடுகிறது? என்னிடம் வரும் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு மேல் மும்பையில்தான் வைத்திருக்கிறார்கள். மும்பை விழும்போது அதுவும் கூடவே விழும்.

சரி, ஹைதராபாத்துக்கு மாற்றிவிடுவீர்கள். அப்புறம்தான் உண்மையான சிக்கல். ஹைதராபாத்திலிருந்து பார்க்கும்போது மும்பை பதில் சொல்லவில்லை என்றால், மும்பை செத்திருக்கலாம். நடுவில் லைன் மட்டும் அறுந்திருக்கலாம். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது வகையாக இருந்தால், மும்பையோடு பேசிக்கொண்டிருக்கும் கடைகள் அங்கேயே பில் போட்டுக்கொண்டிருக்கும். ஹைதராபாத்தும் எழுந்து பில் போட ஆரம்பிக்கும். ஒரே பில் எண் இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் போகும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் வரிசையாக வர வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது. ஆடிட்டரிடம் "நெட்வொர்க் பிரச்சினை சார்" என்று சொல்லிப் பாருங்கள்.

2018 அக்டோபர் 21 அன்று புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு நடந்தது இதுதான். பழுதான ஒரு கருவியை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் நெட்வொர்க் 43 விநாடி அறுந்தது. தானியங்கி ஃபெயில்ஓவர் (முதன்மை விழுந்தால் நகலுக்கு மாற்றும் ஏற்பாடு) சமர்த்தாக மேற்குக் கரையை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதிய சில விநாடி டேட்டா மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்கள் நிலைமையைப் புரிந்துகொள்வதற்குள் மேற்கில் ஏறக்குறைய 40 நிமிடம் புது டேட்டா சேர்ந்துவிட்டது. திரும்பவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. 43 விநாடி அறுந்ததற்கு 24 மணி நேரம் 11 நிமிடம் அவதி. அவர்களிடம் இருந்த ஆள்பலம் உங்களிடம் இல்லை.

ஆகவே என் பதில்: முடிவை மனிதர் எடுக்கட்டும், வேலையை ஸ்கிரிப்ட் செய்யட்டும். தட்டிப் பார்க்கும் பகுதி உங்கள் போனில் அலாரம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு கட்டளை கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போகும். போகட்டும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. இதை நிறையப் பேர் குழப்பிக்கொள்வதால் விளக்கமாகவே சொல்கிறேன். மும்பைக்குள்ளேயே ஒரு மண்டலத்திலிருந்து (ரீஜனுக்குள் தனித்து இயங்கும் டேட்டா சென்டர் பிரிவு) இன்னொரு மண்டலத்துக்கு மாறுவது தானாகத்தான் நடக்க வேண்டும். அதில் கை வைக்காதீர்கள். அரோரா உங்கள் டேட்டாவை ஒரே ரீஜனின் மூன்று மண்டலங்களில் ஆறு பிரதிகளாக வைத்திருக்கிறது. அங்கே முதன்மை இன்ஸ்டன்ஸ், அதாவது டேட்டாபேஸை ஓட்டும் சர்வர், விழுந்தால் கணக்குப்பிள்ளை மாறுகிறார், பேரேடு அதேதான். ஒரு வரியும் போகாது. ஹைதராபாத்தில் இருப்பதோ பேரேட்டின் நகல். பெரும்பாலும் ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்துவிடும், ஆனாலும் கடைசிப் பக்கம் வழியில் இருக்கலாம். மும்பையில் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஹைதராபாத்துக்குப் பணம் கட்டுகிறீர்களா? அப்படியென்றால் முதலில் மும்பையில் இரண்டாவது ஒன்றைப் போடுங்கள். நீங்கள் சந்திக்கப்போகும் பழுதுகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

இப்போது ஸ்கிரிப்ட். மும்பை உயிரோடு இருக்கும்போது மாற்றுவது ஸ்விட்ச்ஓவர்; அதில் டேட்டா இழப்பு கிடையாது. செத்தபின் மாற்றுவது ஃபெயில்ஓவர். அந்தக் கட்டளையில் டேட்டா இழப்புக்குச் சம்மதம் என்று நீங்களே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது ஸ்விட்ச்ஓவராகவே எடுத்துக்கொள்ளப்படும், செத்த மும்பைக்கு அது உதவாது. கட்டளைக்கு முன்பே மும்பை அப்ளிகேஷனை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். மும்பை திரும்பி வந்ததும் அரோரா பழைய டேட்டாவை ஒரு ஸ்னாப்ஷாட்டாக (அந்த நேரத்து முழுப் பிரதியாக) எடுத்து வைக்க முயலும். தொலைந்த பில்கள் இருந்தால் அதில்தான் இருக்கும். நாள் கடந்தால் அழிந்துவிடும் என்பதால் உடனே பிரதி எடுங்கள்.

அப்ளிகேஷனில் மும்பை முகவரியை நேரடியாக எழுதாமல் குளோபல் ரைட்டர் எண்ட்பாயின்ட் என்ற பொது முகவரியை வையுங்கள். முதன்மை மாறினால் அது தானாகப் பின்தொடரும். ஆனால் கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பகுதி) பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ஹிகாரி என்ற ஜாவா பூலில் ஒரு இணைப்பின் ஆயுள் இயல்பாகவே அரை மணி நேரம். அதைக் குறையுங்கள், ஸ்கிரிப்ட் கடைசியில் அப்ளிகேஷனை மறுதொடக்கம் செய்யட்டும். பாஸ்வேர்டுகளும் கன்டெய்னர் இமேஜ்களும் (அப்ளிகேஷனை ஓட்டத் தேவையான பொதிகள்) ஹைதராபாத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கன்சல்டன்ட் விஷயத்துக்கு வருவோம். அரோரா குளோபல் டேட்டாபேஸில் எழுதும் இடம் எப்போதும் ஒன்றுதான். ஹைதராபாத்தில் எழுதியதை மும்பைக்குத் தள்ளிவிடும் ரைட் ஃபார்வர்டிங் என்ற வசதி உண்டு. அதை ஆன் செய்துவிட்டு "இரண்டு ஊரிலும் எழுதுகிறது பாருங்கள்" என்று டெமோ காட்டிப் பணம் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மும்பை போனால் அதுவும் போகும். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இரு ஊருக்கும் நடுவில் லைன் அறுந்த நேரத்தில் இரண்டு பக்கமும் 1047 என்ற பில்லைப் போட்டால் எது நிற்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒத்திகை என்ற பெயரில் நடக்கும் கூத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு நிறுவனத்தில் ஆண்டுதோறும் டிஆர் டிரில் (பேரிடர் மீட்பு ஒத்திகை) அறிக்கை கையெழுத்தாகி ஃபைலில் சேரும்; நான் போய்ப் பார்த்தபோது இரண்டாவது ரீஜனில் ஸ்டோரேஜ் மட்டும்தான் இருந்தது, ஓட்டுவதற்கு ஒரு இன்ஸ்டன்ஸ்கூட இல்லை. ஆடிட்டுக்குக் காகிதம் வேண்டும், காகிதம் கிடைத்தது. நீங்கள் ஒரு ஞாயிறு இரவு, கடைகள் அடைத்தபின் ஸ்விட்ச்ஓவர் செய்து, திங்கள் முழுவதும் ஹைதராபாத்திலேயே ஓட்டுங்கள். மாலையில் கடைகள் அடைத்ததும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.