'மீட்' என்றால் கறி மட்டும்தானா?

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில், லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று இருக்கிறது, ஆனால் அந்தக் காணிக்கையில் மெல்லிய மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும்தான், கறி ஒரு துண்டுகூடக் கிடையாது. அச்சுப்பிழையா? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பிழையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உணவு என்றுதான் பொருள், கஞ்சியானாலும் சரி, பழமானாலும் சரி. இறைச்சியைச் சொல்ல 'ஃபிளெஷ்' என்று தனிச்சொல் இருந்தது (ஜெர்மனில் இன்றும் இறைச்சிக்கு 'ஃபிளைஷ்'தான்). 1300 வாக்கிலிருந்து 'மீட்' கொஞ்சம் கொஞ்சமாக இறைச்சிப் பக்கம் சாய்ந்தாலும் பழைய பொருளும் கூடவே நெடுநாள் புழங்கியது. இனிப்புப் பண்டத்தை 'ஸ்வீட்மீட்' என்கிறோமே, அதில் ஒட்டியிருப்பது அந்தப் பழைய பொருள்தான். 1885-இல் திருத்திய ஆங்கிலப் பழைய ஏற்பாட்டில் இதை 'மீல் ஆஃபரிங்' என்று மாற்றிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு 'கறி' என்ற சொல்லை வைத்தே சொல்லிக்கொடுங்கள். இன்று தமிழ்நாட்டில் "கறி எடுத்தாச்சா?" என்று கேட்டால் ஆட்டுக்கறியோ கோழிக்கறியோதான் நினைவுக்கு வரும், ஆனால் யாழ்ப்பாணத்தில் மரக்கறி என்பார்கள், நாமும் சந்தைக்குப் போனால் காய்கறிதானே வாங்குகிறோம்! சொல் ஒரு பக்கம் சுருங்கினாலும் இன்னொரு பக்கம் பழைய அகலத்தோடு நிற்கும் என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம், அந்த ஆங்கில வேதாகமத்தை வாசிக்கும்போது 'மீட்' வரும் இடத்தில் 'ஆகாரம்' என்று வைத்துப் பாருங்கள், பொருந்தும். லூக்கா 24-இல் உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் 'மீட்' இருக்கிறதா என்று கேட்கிறார், அவர்கள் கொடுப்பது பொரித்த மீன்கண்டமும் தேன்கூட்டுத் துணிக்கையும். 'ஃபிளெஷ்' வந்தால் இறைச்சி, அல்லது இடத்தைப் பொறுத்து உடல்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆதியாகமம் 9. அங்கே 3-ஆம் வசனத்தில் 'மீட்', 4-ஆம் வசனத்தில் 'ஃபிளெஷ்'. நம் தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தைத் திறந்து பாருங்கள், முதலாவது 'ஆகாரம்', அடுத்தது 'மாம்சம்'. லேவியராகமத்தின் 'மீட் ஆஃபரிங்'கும் தமிழில் 'போஜனபலி'தான், அதாவது உணவுக் காணிக்கை. தமிழையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.