"சட்டம் வருவதற்குள் கட்டிவிடுங்கள்" என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை

கேள்வி: அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் ஊருக்கு அருகே, கேலட்டின் ஆற்றங்கரையில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். சின்னதாக ஒரு கேபின் கட்டி, கரை அரிக்காமல் பாறாங்கல் அடுக்குவதாகத் திட்டம். இந்த ஆறு நிரந்தரப் பாதுகாப்புக்கான பட்டியலில் இருக்கிறதாம். "சட்டம் வந்துவிட்டால் ஒன்றும் கட்ட முடியாது, இப்போதே அஸ்திவாரம் போட்டுவிடுங்கள்" என்கிறார் ஏஜென்ட். அரசு மனையைப் பிடுங்கிக்கொள்ளுமா?

பதில்: பிடுங்காது. அவசரம் ஏஜென்டுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

அவர் சொல்வது 1968-இல் வந்த வைல்ட் அண்ட் சீனிக் ரிவர்ஸ் சட்டத்தை. அணை கட்டாத, தனிச்சிறப்புள்ள ஆறுகளை அப்படியே ஓடவிடுவதற்கான சட்டம் அது. ஒரு ஆற்றை அதில் நிரந்தரமாகச் சேர்ப்பது பெரும்பாலும் அமெரிக்க காங்கிரஸின் வேலை. அதற்கு முன்னால், தகுதியான ஆறுகளை மத்திய அரசின் வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸ் தன் வனத் திட்டத்தில் குறித்து வைக்கும். கேலட்டின் இருப்பது இந்த நிலையில்தான். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, தாலி இன்னும் கட்டவில்லை. எப்போது கட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். 2020-இல் செனட்டுக்கு வந்த மசோதா நிறைவேறாமலே போனது. மொன்டானாவில் 1976-இல் ஆறுகளைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அடுத்த ஆற்றைச் சேர்க்க 2018 வரை ஆயிற்று. இந்த வேகத்தில் போகிற காங்கிரஸுக்குப் பயந்து நீங்கள் குளிர்காலத்தில் கான்கிரீட் கொட்ட வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில் ஃபாரஸ்ட் சர்வீஸ் செய்ய வேண்டியதெல்லாம், ஆற்றின் இரு பக்கமும் கால் மைல் அகலத்துக்குள் தன் நிலத்தில் அந்தச் சிறப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது. மரம் வெட்டுவது, பாதை போடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். உங்கள் வேலிக்கு உள்ளே அதற்கு அதிகாரம் கிடையாது. நாளை சட்டமே வந்தாலும் தனியார் மனையில் என்ன கட்டலாம் என்று விதி எழுதுவது கவுன்டி, அதாவது உள்ளூர் மாவட்ட நிர்வாகம்தான். கரையோர நிலத்தில் பாதியோ அதற்கு மேலோ பொது நிலமாக இருந்தால், மனையை முழு உரிமையோடு கட்டாயமாக வாங்கவும் அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஆற்றை ஒட்டியே 191-ஆம் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடுகின்றன. அதை யாரும் மனித வாசனை படாத காடாக்கப் போவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். சில ஆறுகளை ஆய்வு செய்யும்படி காங்கிரஸே சட்டம் போட்டு உத்தரவிடும். அவை வேறு வகை. ஆய்வுக் காலம் முடியும்வரை அங்கே புதிய நீர்மின் அணைக்கு லைசென்ஸ் தர முடியாது. கரையில் கல் அடுக்க, நீர்நிலைகளில் நடக்கும் வேலைகளுக்கு அனுமதி தரும் ராணுவப் பொறியாளர் பிரிவின் பொது பெர்மிட் வேண்டுமென்றால், ஆற்றைக் கவனிக்கும் துறை "பாதகமில்லை" என்று எழுதித் தர வேண்டும். ஃபாரஸ்ட் சர்வீஸ் தானாகக் குறித்த ஆற்றுக்கு இந்தக் கவசம் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன்: காங்கிரஸ் உத்தரவிட்ட ஆறு வேறு, இலாகா குறித்த ஆறு வேறு. இதே மாநிலத்தில் ஈஸ்ட் ரோஸ்பட் ஓடையைத் தகுதியானது என்று குறித்திருந்தும் நீர்மின் திட்டம் கிளம்பியது. 2018-இல் சட்டம் போட்ட பிறகுதான் அந்தப் பேச்சு ஒரேயடியாக அடங்கியது. காகிதத்தில் "தகுதி" என்று எழுதிவிட்டு அணைக்காரனுக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கும் முறையை என்ன சொல்வது! கேலட்டின் காங்கிரஸ் உத்தரவிட்ட வகையில் இல்லை. "ஆய்வு ஆறு, சான்றிதழ் வேண்டும்" என்று யாராவது பணம் கேட்டால், இந்தச் சட்டத்தில் தனியார் மனைக்கு அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. கன்சல்டன்ட் லெட்டர்பேடில் அடித்துத் தரும் "கிளியரன்ஸ்" காகிதம் கவுன்டி ஜன்னலில் செல்லாது.

உங்களுக்கு நிஜமாகவே தொல்லை தரக்கூடியது ஏஜென்ட் வாயே திறக்காத விஷயம். வற்றாத ஓடையின் படுகையிலோ கரையிலோ தனியார் யார் கை வைத்தாலும் மொன்டானாவில் "310 பெர்மிட்" வேண்டும். 1975 முதல் இருக்கும் மாநிலச் சட்டம் இது. மண்ணையும் நீரையும் பாதுகாக்கும் உள்ளூர் அமைப்பான கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட்டில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்களின் ஆளும் மாநில மீன்வளத் துறை ஆளும் கரைக்கே வந்து பார்ப்பார்கள். பாறாங்கல் என்றதும் முகம் சுளித்து, "கரையைப் பிடித்து வைக்கும் வில்லோ செடி நட்டால் போதாதா?" என்று கேட்க வாய்ப்புண்டு. கேட்பது நியாயம்தான். நீங்கள் கல் அடுக்கிய இடத்தில் தண்ணீர் முட்டித் திரும்பி, கீழே இருப்பவர் கரையை அரிக்கலாம். இதோடு ராணுவப் பொறியாளர் பெர்மிட், கவுன்டியின் வெள்ளப்பகுதி பெர்மிட், செப்டிக் டேங்க் அனுமதி எல்லாம் தனித்தனி வாசல்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு கேளுங்கள். மனையில் வெள்ள எல்லை எங்கே விழுகிறது என்று கவுன்டியிடம் வரைபடம் வாங்குங்கள். கேபினும் செப்டிக்கும் அதற்கு வெளியே அடங்கவில்லையென்றால் மனையை விட்டுவிடலாம். கரையில் ஏற்கெனவே கல் கிடந்தால், விற்பவரிடம் அதற்கான 310 பெர்மிட் நகலைக் கேளுங்கள். நகல் இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.